ஓடாவியாருக்குச் சொல்லாத இலக்கு

பென்சன் எடுத்து வீட்டுக்கு வந்த அரசாங்க உத்தியோகத்தரைப் போல ஊருக்கு ஆபத்தான பிராணி வேறில்லை. அவரிடம் நேரம் இருக்கிறது. எதை எந்த ஒழுங்கில் செய்யவேண்டும் என்ற அறிவும் இருக்கிறது. செய்வதற்குத்தான் ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். ஐம்பத்தாறாம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு வழிகளைக் காட்டினார்கள். சிங்களம் படித்துச் சோதனை எழுதலாம். அல்லது ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு போகலாம். தலை நரைத்த வயதில் மறுபடியும் அரிச்சுவடி பிடிக்க எனக்கு மனமில்லை. மாலை போட்டு, மணிக்கூடு ஒன்று தந்து, மெயில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அரியாலையில் வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே குசினியில் உள்ள போத்தல்களுக்கு இலக்கம் போட்டேன். மிளகாய்த்தூள் நான்காம் இலக்கம், சீரகம் ஏழாம் இலக்கம். மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

“சட்டிக்கும் பானைக்கும் நம்பர் போட்டாச்சு. இனி என்ரை முதுகிலைதான் போட வேணும்” என்றாள் ஒருநாள். “தம்பியின்ரை பட்டறைக்குப் போய் உந்த நம்பரையெல்லாம் அங்கை போடுங்கோ. அவனுக்கும் உதவி, எனக்கும் எப்பன் நிம்மதி.”

தம்பி என்று அவள் சொன்னது என் மைத்துனனை. கொழும்பில் தபால் கந்தோரில் நிரந்தர வேலையில் இருந்தவன், ஒருவரையும் கேளாமல் அதை விட்டுவிட்டுப் புத்தூரில் தளபாடப் பட்டறை தொடங்கியிருந்தான். யாழ்ப்பாணத்தில் கொலை செய்தவனுக்குக்கூடச் சில சமயம் பெண் கிடைக்கும். அரசாங்க வேலையை விட்டவனுக்குக் கிடைக்காது. அதிலும் இவன் சும்மா இருக்கவில்லை. பருத்தித்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அலுமாரி கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கே படிப்பித்த ஓர் ஆசிரியையைக் கண்டு, கட்டினால் இவளைத்தான் என்று தமக்கையிடம் சொல்லிவிட்டான்.

ஆசிரியையின் தகப்பனார்தான் அந்தப் பள்ளிக்கூடச் சபையின் செயலாளர். காணிப் பதிவுக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். உறுதிப் பத்திரத்தில் ஒரு சொல் குறைந்தாலும் திருப்பி அனுப்பி, முப்பது வருஷம் ஊரை அலையவிட்ட மனிதர். நான் போய்ச் சம்பந்தம் பேசினேன். மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி தந்து, சொன்னார்:

“உங்கடை மச்சானிட்டைத்தான் எங்கடை புது மண்டபத்திலை சனம் இருக்க நாற்பது வாங்கு சொல்லியிருக்கிறம். விசயதசமிக்கு மண்டபம் திறக்கிறம். அதுக்கு முதல்நாள் பின்னேரத்துக்கிடையிலை நாற்பதும் வர வேணும். வந்தால், அடுத்த நாள் சாதகக் குறிப்பைக் கொண்டு வாங்கோ, பாப்பம். வராட்டி பிறகு கதைப்பம்.”

எங்கள் ஊரில் ‘பிறகு கதைப்பம்’ என்றால் இந்தப் பிறவியில் கதைப்பதில்லை என்று பொருள். தொழில் நடத்தத் தெரிந்தவனா என்று மருமகனைச் சோதித்துப் பார்க்க மனிதர் வாங்கை எடுத்துக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது. பெரும்பாலானவர்கள் நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுக்கிறார்கள்.

அப்போது ஆவணி மாதம். அடுத்த திங்கட்கிழமை காலை பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிப் புத்தூரில் இறங்கினேன். பட்டறை தெருவோரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் நால்வர். தலைமை ஓடாவியார், ஐம்பது கடந்தவர். மரவேலையில் அவர் சொல்வதுதான் சட்டம். அவருக்குக் கீழே இரண்டு பேர், அவர் பார்த்தால் அறுப்பார்கள், பாராவிட்டால் வெற்றிலை போடுவார்கள். நான்காமவர் வார்னிஷ்காரர், எங்கள் அரியாலை ஆள். வாய் சும்மா இருக்காது.

முதல் வேலையாகக் கூட்டம் கூட்டினேன். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் கூட்டம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் பிறகு ஒவ்வொருவருடனும் தனித்தனியே சண்டை பிடிக்கவேண்டி வரும்.

“ஓடாவியார், இந்த மாதத்திலை நீங்கள் எதைச் செய்து முடிக்க நினைக்கிறியள்?” என்று கேட்டேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். “பின்னேரம் மழை வராட்டி, உந்த வேப்பம் பலகையளைப் புரட்டிப் போட நினைக்கிறன்.”

“அது இண்டைக்கு. நான் மாதத்தைக் கேக்கிறன்.”

“மாதத்தைக் கடவுளல்லோ நினைக்க வேணும், ஐயா.”

வார்னிஷ்காரரைப் பார்த்தேன். “என்னைக் கேக்காதேங்கோ” என்றார். “அவர் தந்தால் பூசுவன். தராட்டி தெருவைப் பாத்துக்கொண்டிருப்பன். தெருவையும் ஆரோ பாக்கத்தானே வேணும்.”

கடவுளுக்கும் தெருவுக்கும் இடையில் தொழிலை விட்டுவிட்டு இருக்க முடியாது. ஒரு கரும்பலகை வாங்கி, கோடு கீறி, நான்கு நிரல் போட்டேன். யார், என்ன வேலை, கிழமைக்கு எத்தனை, முடித்தது எத்தனை. நாற்பது வாங்கு என்பதையும் முடிக்கவேண்டிய திகதியையும் மேலே எழுதி, மொத்த வேலையைக் கிழமைகளாகப் பிரித்தேன். இடையில் வரும் திருவிழா, செத்தவீடு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டேன். சிறு தொழில் செய்பவர்களுக்கு இன்றும் நான் இதைத்தான் சொல்வேன். எண்ண முடியாத இலக்கு வெறும் ஆசை. அதை நெற்றியில் வீபூதி பூசும்போது நினைத்துக்கொள்ளலாம், வேலைக்கு உதவாது.

எதற்காக இந்த அவசரம் என்பதை மட்டும் நான் எவருக்கும் சொல்லவில்லை. கலியாணப் பேச்சு குடும்ப விஷயம். கந்தோரில் மேலிடத்துக் காரணங்களைக் கீழே இறக்கும் வழக்கமும் இல்லை.

பலகையை எங்கே கொழுவுவது என்பதுதான் பிரச்சினையாயிற்று. உள்ளே சுவரெல்லாம் மரம் சாத்தியிருந்தது. வெளிச்சமுள்ள இடம் முன்தூண்தான். அதில் தெருவைப் பார்க்கக் கொழுவினேன்.

“அத்தான், உதை ஏன் வெளியிலை கொழுவினனீங்கள்?” என்று மைத்துனன் தயங்கிக் கேட்டான்.

“ஒளிக்க என்ன கிடக்கு? அரசாங்கமே எல்லாத்தையும் வர்த்தமானியிலை அச்சடிச்சுப் போடுறேல்லையோ?”

இரண்டு கிழமை வேலை அற்புதமாக நடந்தது. இதை இன்றும் மறுக்க விடமாட்டேன். கணக்கு வந்தவுடன் அந்த இரண்டு பேரும் வெற்றிலையைக் குறைத்தார்கள். மரம் வெட்டுவதில் கழிவு குறைந்தது. மைத்துனன் ஒருநாள் சீழ்க்கை அடித்துக்கொண்டு பட்டறையைக் கூட்டியதையும் கண்டேன்.

மூன்றாம் கிழமை மழை தூறியது. அறுத்த மரம் காயவில்லை. ஓடாவியாரின் நிரல் பின்னுக்குப் போயிற்று. வார்னிஷ்காரருக்குக் கொடுத்ததே குறைவு என்பதால், கொடுத்ததையெல்லாம் அவர் பூசி முடித்திருந்தார். கரும்பலகையில் அவருக்கு நூற்றுக்கு நூறு. ஓடாவியாருக்கு அரைவாசி. முன்னவர் தாமதித்தால்தான் பின்னவர் முந்த முடியும் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதப் பலகையில் நிரல் இருக்கவில்லை.

“ஓடாவியார், உங்கடை பக்கம் வெறும் பலகையாக் கிடக்கு. கேட்டால் அதையும் பூசித் தாறன்” என்றார் வார்னிஷ்காரர்.

ஓடாவியார் சீவுளியை இன்னும் அழுத்தித் தள்ளினார். அதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பார். ஆனால் எதிரே பஸ் நின்றுபோகிற இடம். பருத்தித்துறைக்குப் போகிறவர்கள் யன்னலால் பலகையை வாசித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் முன்னேற்றம் உண்டா என்று பார்த்தார்கள். கண்டக்டர் மணியடிக்குமுன் ஒருநாள் தலையை நீட்டி, “என்ன ஓடாவியார், இந்தக் கிழமையும் பின்னுக்கோ?” என்று கேட்டான். பஸ் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு பஸ்ஸோடு பருத்தித்துறை வரை போயிருக்கும்.

அன்றிலிருந்து ஓடாவியாருக்கும் வார்னிஷ்காரருக்கும் கதை பேச்சில்லை. எங்கள் பகுதியில் கோபம் என்றால் கையோங்குவதில்லை. கதைப்பதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வார்கள். இருவரும் ஒரே வாங்கின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் என் மைத்துனனை வைத்துக் கதைத்தார்கள்.

“தம்பி, பூசுற ஆளிட்டைச் சொல்லு, கால் இன்னும் காயேல்லையெண்டு.”

“தம்பி, செதுக்கிற ஆளிட்டைச் சொல்லும், எனக்கும் கண் தெரியுமெண்டு.”

அவன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தில் தைலம் பூசிக்கொண்டு படுத்தான். என்னோடு ஓடாவியார் கதைத்தார், மிக மரியாதையாக. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

நவராத்திரி வந்தது. முதல் ஆறு நாளும் வேலை ஒருமாதிரி நடந்தது. இன்னும் ஆறு வாங்குகள்தான் பாக்கி. ஏழாம் நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கினால் பட்டறையில் சத்தமே இல்லை. உள்ளே மேசை ஒன்றில் வெள்ளை விரித்து, சரஸ்வதி படம் வைத்து, முன்னால் உளி, சீவுளி, கைவாள், மட்டம், கொட்டாப்புளி எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்திருந்தது. கும்பத்துக்குப் பக்கத்தில் ஓடாவியார் குளித்து, வீபூதி பூசி, கை கட்டி நின்றார்.

“ஆயுத பூசை ஒன்பதாம் நாளெல்லோ?” என்றேன்.

“கடைசி மூண்டு நாளும் சரஸ்வதிக்குத்தானே, ஐயா. போன வருஷங்களிலை அவசரத்திலை ஒரு நாள் வைச்சம். இந்த முறை முறைப்படி வைச்சிருக்கு. முறை எண்டால் ஐயாவுக்கு விருப்பமெல்லோ?”

வேலைநிறுத்தங்களை எப்படிக் கையாள்வது என்று எனக்கு ஒரு அலுமாரி நிறையச் சுற்றறிக்கை தெரியும். தொழிலாளர் கல்வித் தெய்வத்தின் பாதத்தில் ஆயுதத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டபடி நின்றால் என்ன செய்வதென்று ஒன்றிலும் இல்லை. பூசையில் வைத்த உளியை எடு என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? மைத்துனன் அந்த ஆறு வாங்குக்கு அறுத்து வைத்த பலகைகளுக்கு மேலே போய் இருந்துவிட்டான். முகம் செத்தவீட்டு முகம்.

அன்று மத்தியானமே வீட்டுக்குத் திரும்பி நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கியபடியே கேட்டாள்.

“இத்தனையாம் திகதிக்கு முடிக்க வேணுமெண்டு அந்த மனிசனுக்கு ஆர் சொன்னது?”

“பலகையிலை எழுதியிருந்தது.”

“எழுதினா அது சொன்னதோ? போன வருஷம் உங்கடை பெரியப்பா வீட்டுக் கலியாணக் காட் தபாலிலை வந்தது. போனனீங்களோ?”

நான் போகவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லாத கலியாணத்துக்கு எவன் போவான்? எங்கள் பகுதியில் அச்சடித்த காட் ஒரு அலங்காரம். ஆள் வாசல் படலை திறந்து வந்து, இருந்து, வாயால் சொன்னால்தான் சொன்னது. சொல்லாவிட்டால், கூடப்பிறந்தவனும் பக்கத்து வீட்டு மேளத்தைக் கேட்டபடி தன் வீட்டில் கஞ்சி குடிப்பான்.

“பஸ்ஸிலை போறவனுக்கெல்லாம் சொல்லிப்போட்டு, செய்யிறவனுக்குச் சொல்லேல்லை” என்றாள். “போங்கோ, தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கோ.”

பின்னேரம் மைத்துனனும் நானும் ஓடாவியார் வீட்டுப் படலையைத் திறந்தோம். அவர் எழுந்து வந்து, “வாங்கோ, வாங்கோ, இருங்கோ” என்று இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டார். அவருடைய கைவேலைதான், அசைந்து பார்த்தேன், ஒரு சத்தமில்லை. பனங்கட்டியோடு பால் விடாத பிளேன்ரீ வந்தது. குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நான் தொண்டையைச் செருமி ஆரம்பிக்கப் போனேன். மைத்துனன் முந்திக்கொண்டான்.

“அண்ணை, எனக்கு ஒரு கலியாணப் பேச்சு நடக்குது. நீங்கள் முன்னுக்கு நிண்டு நடத்தித் தர வேணும். அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்.”

ஓடாவியார் நிமிர்ந்தார். “சந்தோசம். பொம்பிளை எவடம்?”

“அந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறவ. செயலாளரின்ரை மகள்.”

“நாள் வைச்சாச்சோ?”

“குறிப்பே இன்னும் வாங்கேல்லை. நாற்பது வாங்கும் விசயதசமிக்கு முதல்நாள் போய்ச் சேந்தால்தான் வாங்குவாராம். இல்லாட்டி…” அவன் குனிந்து கதிரைக் கையைத் தடவினான். “அண்ணை, இல்லாட்டி நான் திரும்பவும் கொழும்புக்குப் போய் முத்திரை குத்த வேண்டியதுதான்.”

ஓடாவியார் கோப்பைகளை எடுத்து ஒருபக்கம் வைத்தார். பிறகு என்னைத்தான் பார்த்தார்.

“ஐயா, இது அந்தப் பலகையிலை இல்லையே?”

“இல்லை. இது குடும்ப விசயம் எண்டு…”

“நாற்பது எண்டு கிடந்துது. நாற்பதும் ஏன் எண்டு இல்லை. ஆரோ காசுக்காரன் அந்தரப்படுறான் எண்டு நினைச்சன். அவனுக்கு என்ன, நிண்டு பாக்கட்டும் எண்டு விட்டன்.” மைத்துனன் பக்கம் திரும்பினார். “விசரா, ஆவணியிலையே இதைச் சொல்லியிருந்தால் நான் நவராத்திரிக்கு முதல் முடிச்சிருப்பனே!”

“அப்ப ஆயுதங்களை எடுக்கிறியளோ?” என்றேன்.

அவர் காதைப் பொத்தினார். “சிவசிவ! வைச்சதை எடுக்கிறதோ? என்ரை உளி பூசையிலை. கை பூசையிலை இல்லை. பாசையூரிலை வள்ளம் கட்டுற வேதக்காரர் ஒருத்தர் இருக்கிறார், என்ரை சிநேகிதன். அவரின்ரை உளிக்கு நவராத்திரி தெரியாது.”

அரியாலைக்குப் பக்கத்து ஊர்தான் பாசையூர். நானே கடைசி பஸ்ஸில் போனேன். அந்தக் கத்தோலிக்க ஓடாவி கதையைக் கேட்டுக் குலுங்கிச் சிரித்தார். “யேசுபாலன் பிறக்கிற எங்கடை நத்தாருக்கு நான் அவரின்ரை உளியைக் கேப்பன், சொல்லி வையுங்கோ” என்று சாக்கு ஒன்றில் ஆயுதங்களைக் கட்டித் தந்தார். வள்ளத்துக்குச் செய்த உளிகள், பள்ளிக்கூட வாங்குக்குக் கொஞ்சம் பெரிது. மறுநாள் ஓடாவியார் சரஸ்வதிக்கு முதுகு காட்டாமல் பட்டறைக்கு வெளியே, தெருவோரத்தில் நின்று செதுக்கினார். பஸ்ஸில் போனவர்களுக்கு அதுவும் ஒரு காட்சி. நான் பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், கணக்கை அழிக்காமல், ஆட்களின் பெயரை மட்டும் அழித்துவிட்டு மாட்டினேன். அது நல்ல ஏற்பாடு. பிறகு வந்த வருஷங்களெல்லாம் அப்படியே இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைசி வாங்கு முடிந்தது. வார்னிஷ்காரர் பூசினார். பின்னேரம் லொறியில் ஏற்றி, நாற்பதையும் மண்டபத்தில் இறக்கினோம். செயலாளர் ஒவ்வொன்றாகத் தொடாமல் எண்ணினார். “நாற்பது” என்றார். பளபளப்பாக இருந்த கடைசி வாங்கை மைத்துனன் தூக்கிக்கொண்டுபோய் முன்வரிசையில், செயலாளர் தனியே இருக்கும் இடத்தில் போட்டான்.

விசயதசமிக் காலை மண்டபம் நிறைந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் ஏடு தொடக்கக் காத்திருந்தார்கள். செயலாளர் கரை வேட்டியும் சால்வையுமாக வந்து அந்த வாங்கில் அமர்ந்தார். தேவாரம் தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். செயலாளர் மட்டும் எழவில்லை. சைவப் பள்ளிக்கூடத்துச் செயலாளர் தேவாரத்துக்கு எழும்பாமல் இருப்பதைச் சபை முழுவதும் பார்த்தது. அவர் ஒருமுறை முயன்றார். அவரோடு வாங்கும் சேர்ந்து எழுந்தது. உடனே அமர்ந்தார்.

கண்ணால் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

“உது காயேல்லை.”

“மழைக் குளிர், ஐயா. இரவிலை காயாது.”

“எனக்குத் தெரியுது. உங்களுக்கு விளங்கேல்லை. என்ரை வேட்டி உதோடை ஒட்டிப் போச்சு.”

வாசலில் ஓடாவியாரும் வார்னிஷ்காரரும் நின்றார்கள். பல கிழமைக்குப் பிறகு முதல்முறையாக நேரே கதைத்தார்கள்.

“ஈரப் பலகையிலை பூசாதை எண்டு நான் சொன்னனானோ இல்லையோ?”

“எனக்கு எங்கை சொன்னனீர்? தம்பிக்கெல்லோ சொன்னனீர்!”

மைத்துனன் அவர்களுக்குப் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைகளை வரிசையாக்கிக்கொண்டிருந்த ஆசிரியை திரும்பித் தகப்பனைப் பார்த்தாள், வாங்கைப் பார்த்தாள், வாசலில் நின்றவனின் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள்கள் குலுங்கின. தகப்பன் அதைக் கண்டார்.

“இதை நான் எப்பிடி வேலை முடிஞ்சுதெண்டு ஒப்புக்கொள்ளுறது?” என்றார் என்னிடம். குரலில் கடுமை கொஞ்சம் குறைந்திருந்தது.

இப்படியொரு சந்தர்ப்பத்துக்காகத்தான் நான் வாழ்நாள் முழுவதும் அரசாங்க விதிப் பிரமாணங்களைப் படித்தேன் என்று தோன்றியது.

“நேற்றுப் பின்னேரத்துக்கிடையிலை நாற்பதும் வர வேணும் எண்டுதான் கேட்டனீங்கள். நாற்பதும் வந்துது, நீங்களே எண்ணினீங்கள். காய வேணும் எண்டு நீங்கள் கேக்கேல்லை.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். இல்லாத சொல்லை உறுதியில் சேர்க்க முடியாது என்று முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன மனிதர். உதடு ஒருமுறை அசைந்தது.

“கேக்கேல்லைத்தான்” என்றார்.

தேவாரம் முடிந்து எல்லாரும் அமர்ந்தார்கள். அவர் கையை நீட்டினார்.

“குறிப்புக் கொண்டு வந்தனீங்களோ? தாங்கோ. எழும்பேலாமல் இருக்கேக்கை வேறை என்ன வேலை.”

மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அரிசியில் விரல் வைத்து அழுதார்கள். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக் குறிப்பை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார். மடித்து, சால்வைக்குள் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்து என் மைத்துனனைத் தலையசைத்துக் கூப்பிட்டார். அவன் வந்தான், நடக்கிற நடையில் காலிரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை போல.

“தம்பி, உந்த வார்னிஷைக் கரைக்க உம்மட்டை டர்ப்பன்டைன் இருக்கோ?”

“ஓம், மாமா” என்றான் அவன்.

அந்தச் சொல் பதற்றத்தில் வாய்தவறி வந்ததா, துணிந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. செயலாளர் அதைத் திருத்தவில்லை.